கிறிஷாவின் நாற்பதாம் நாள்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:

ரயிசா. ஏழாம் மாடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. அறுபத்தெட்டு வயது. ரஷ்யாவில் ஒரு சினிமாத் தியேட்டரில் ரோர்ச் வெளிச்சம் அடித்து ஆட்களை இருத்துகிற வேலை செய்தவர்.

அவருடைய மகன் போரியா. டாக்சி ஓட்டுகிறார்.

நாலாம் மாடிச் சகோதரர்கள் இருவர். கிழவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே சோபாவில் இருந்தார்கள்.

ஒரு பல் வைத்தியர் அம்மா. இங்கே பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறார்.

என் மனைவி புஷ்பம்.

மகள் கலா. பதினொரு வயது.

கடைசியாக நான்.

மேசையில் கிறிஷாவின் படம். படத்துக்கு முன்னால் சின்னக் கிளாசில் வொட்கா. கிளாசின் வாயை மூடி ஒரு துண்டு கறுப்புப் பாண். அவர் இறந்து அன்று நாற்பதாம் நாள். 1988 பெப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

கிறிஷா ரஷ்யாவில் ஆட்களைச் சிரிக்கவைக்கிற பகிடி நடிகர். எனக்குச் சொந்தமில்லை. நான் அவரை நேரில் கண்டதுமில்லை. ஆனால் இரண்டு வருடமாக அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை. உங்கள் பத்திரிகைக்குக் கனடாவைப் பற்றி எழுதும்படி ஊரிலிருந்து கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

2

நாங்கள் திருகோணமலை. நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். 1984 ஐப்பசியில் மூன்று பேரும் ரொறன்ரோ வந்தோம்.

குடிவரவு அலுவலகத்தில் ஒரு நீளப் படிவம். அதில் கூடப்பிறந்தவர்களின் பெயர் எழுத வேண்டும். உயிரோடு இருக்கிறாரா, இறந்தாரா. இறந்தால் திகதி.

புஷ்பத்துக்கு ஒரே தம்பி. மகேந்திரன். கொழும்பில் புடவைக் கடையில் நின்றான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அவன் வரவில்லை. உடலும் வரவில்லை. எந்த நாள் என்று சொல்ல ஆளும் வரவில்லை.

அலுவலர் நல்ல மனிதர். பேனையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"திகதி?"

புஷ்பம் படிவத்தைப் பார்த்தாள். மொழிபெயர்க்க வந்தவர் திரும்பக் கேட்டார். "அம்மா, ஒரு திகதி சொல்லுங்கோ. இல்லாட்டி உயிரோட இருக்கிறார் எண்டு போடச் சொல்லுங்கோ."

"ரெண்டும் தெரியாது," என்றாள்.

அலுவலர் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். அடுத்த பக்கம் போனார்.

தம்பி காணாமல்போன நாளிலிருந்து அவள் ஊரில் சிரிக்கவில்லை. இங்கு வந்தும் சிரிக்கவில்லை. சமைத்தாள், தோய்த்தாள், காலையில் ஒரு கொம்பனியில் பல்ப் பெட்டி அடுக்கினாள். அழவுமில்லை. அழுதால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சிரிக்காத ஆளுக்கு என்ன சொல்வது? நானும் பேச்சுக் குறைந்தவன்.

3

1986இல் வோபர்னில் இந்தக் கட்டடத்துக்கு மாறினோம். எனக்குப் பிளாஸ்ரிக் வாளி செய்கிற பக்டரியில் வேலை. காலை ஏழு முதல் மூன்றரை. இரண்டு பஸ். வீட்டுக்கு வர நாலரை.

ஒரு நாள் லிஃப்டால் இறங்கி நடக்கிறேன். ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அடக்கி, அடக்க முடியாமல் விட்டு, மூச்சு வாங்கி, திரும்பவும். யாரோ என்று நினைத்து எங்கள் கதவைத் திறந்தேன். வீட்டில் ஒருவருமில்லை. சத்தம் எனக்குப் பின்னால், எதிர்வீட்டிலிருந்து வந்தது.

அது புஷ்பத்தின் சிரிப்பு. மூன்று வருடத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சப்பாத்தைக் கழற்றாமல் நடையிலேயே நின்றேன். எதிர்க்கதவைத் தட்டவில்லை. எங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனேன். தேத்தண்ணீர் நானே போட்டேன்.

அவள் ஐந்து மணிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எங்க போனனீ?"

"முன்வீட்டு அன்ரியிட்ட. உடுப்புத் தோய்க்கிற அறையில சந்திச்சனான். வீடியோ போட்டுக் காட்டினவ."

"என்ன படம்?"

"ரஷ்யாப் படம். ஒரு மனிசன் ஒரு அலுமாரியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுறான்."

"பிறகு?"

"ஏறுறான். அவ்வளவுதான்."

சொல்லும்போது உதட்டின் ஓரம் ஆடியது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றது. அலுமாரி தூக்குவதில் என்ன பகிடி? இருபது வருடம் நான் அதைவிடப் பாரம் தூக்கினேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கிழமையில் இரண்டு மூன்று நாள் எதிர்வீடு. ரயிசாவின் மகன் நியூயோர்க்கிலிருந்து பிரதியெடுத்த கசெற் கொண்டுவருவார். புஷ்பத்துக்கு ரஷ்யன் தெரியாது. ரயிசாவுக்கு ஆங்கிலமே அரைகுறை. இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால் இருந்து தோளில் அடித்துச் சிரிப்பார்கள். கலா பள்ளிக்கூடத்தால் நேரே அங்கு போய்விடுவாள்.

"அப்பா, நீங்களும் வாங்கோ. ஹீ இஸ் சோ ஃபன்னி."

"எனக்கு அலுப்பு," என்றேன்.

4

ஒரு மனிதரில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவருடைய சரித்திரம் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுக்குப் போனேன். படம் பார்க்கவில்லை. ரயிசாவிடம் கேள்வி கேட்டேன். கலா மொழிபெயர்த்தாள்.

"பெரிய இடத்துப் பிள்ளையோ எண்டு கேள்."

"இல்லையாம் அப்பா. அவற்றை அம்மா ஒரு துறைமுகத்தில கப்பல்காரரின்ர உடுப்புத் தோய்க்கிறவவாம். அப்பா ஆர் எண்டு தெரியாதாம்."

துறைமுகம் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு படிச்சவர்?"

"கிறேட் ஃபோர்."

இதில் நான் மூன்று வகுப்புக் கூட. கொஞ்சம் ஆறுதல்.

"குடிப்பாரோ?"

ரயிசா கையை விரித்தார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வயிறு சரியில்லாத ஆள். குடிப்பதேயில்லை.

"எப்பிடி நடிக்க வந்தவர்?"

இதைச் சொல்ல ரயிசாவுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. கிறிஷா பதினைந்து வயதில் பாண் பேக்கரியில் தட்டம் சுமந்தார். கால் தட்டை, நடந்தால் வாத்து. தட்டத்தோடு அவர் நடப்பதைப் பார்த்து மற்ற வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் அதற்குக் கோபிக்கவில்லை. எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனித்தார். அடுத்த நாள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

நடிப்புப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று தரம் போனார். மூன்று தரமும் எடுக்கவில்லை. இந்த முகத்துக்குத் திரைக்கு முன்னால் வேலையில்லை, திரையை இழுக்கிற வேலை கேட்டுப் பார் என்றார்களாம். அவர் அதைக் கேட்டு வாங்கினார். திரை இழுத்தார். பிறகு யுத்தம். பாண் லொறி ஓட்டினார். யுத்தம் முடிந்து சின்ன ஊர்களில் நாடகம். எப்போதும் மூன்றாவது வேலைக்காரன். கதவைத் திறந்து, "குதிரை வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்படியே பதின்மூன்று வருடம்.

நாற்பத்தொரு வயதில் சினிமாவில் இரண்டு நிமிடம் கிடைத்தது. அதுதான் அந்த அலுமாரி.

ரயிசா எழுந்து செய்து காட்டினார். அறுபத்தாறு வயது அப்போது. ஒரு கதிரையை முதுகில் வைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று, எதிரே வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வழி விட்டு, திரும்பக் கீழே இறங்கி, திரும்ப ஏறி. வழிவிட்டு வழிவிட்டே அந்த ஆள் மேலே போய்ச் சேரவில்லை. அந்த வருடம் முழுவதும் ரஷ்யாவில் யாராவது படியில் வழி விட்டால், "நீயென்ன கிறிஷாவா?" என்று கேட்டார்களாம்.

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு கிழவி கதிரை தூக்கினாலும் சிரிக்கிறாள்.

"அவருக்கு மனிசி பிள்ளையள்?" என்று கேட்டேன். வேறு பெண் தொடர்பு உண்டா என்று பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. அதை லிஃப்டில் போரியாவிடம் தனியே கேட்டேன். போரியா கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "முப்பத்தேழு வருடம் ஒரே மனைவி."

கலா அன்று வீட்டில் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் இவ்வளவு கேக்கிறீங்கள்? ஆர் யூ ஜெலஸ்?"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். "போய்ப் படி," என்றேன்.

5

இது எனக்குப் புதிதில்லை. இங்கே அதையும் எழுத வேண்டும்.

ஊரில் மகேந்திரன் லீவில் வருவான். வந்தால் வீடு சத்தம். அவன் பகிடி எல்லாம் என்னைப் பற்றித்தான். நான் சாப்பிடுகிற மாதிரி இருந்து காட்டுவான். முதுகை நிமிர்த்தி, தட்டத்தைப் பார்த்தபடி, ஒரு சொல் பேசாமல், வாயை மட்டும் அசைப்பான். கடைசியில் தலையை ஒருமுறை ஆட்டுவான். அதுதான் நான் "சாப்பாடு நல்லம்" என்று சொல்வது. புஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"அத்தான், கோபமோ?"

"இல்லை."

"பாரக்கா, அந்த 'இல்லை'யைப் பார்!"

அவள் இன்னும் சிரிப்பாள். கோபம்தான். நான் இருந்து சாப்பிட்டால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் என்னை மாதிரி இருந்தால் வந்தது. என் சாப்பாட்டுக்கு அவனுக்குப் பாராட்டு. அவன் எப்போது கொழும்புக்குத் திரும்புவான் என்று நான் நாள் எண்ணிய காலமும் உண்டு.

எண்பத்து மூன்று ஆனியிலும் எண்ணினேன். போனான்.

6

அடுத்த குளிர்காலத்தில் ரயிசா கிறிஷாவின் மிச்சச் சரித்திரத்தைச் சொன்னார்.

அலுமாரிக்குப் பிறகு முப்பது படம். கணக்கப்பிள்ளை, கட்டடக் காவல்காரன், தன் ரயிலையே தவறவிட்ட ரிக்கற் பரிசோதகர். ஒருநாளும் கதாநாயகன் இல்லை. ஆனால் மதிலில் அவர் படம்தான் பெரிது. பாண் வரிசையில் அவர் நின்றால் ஆட்கள் முன்னுக்கு விடுவார்கள். அவர் போகமாட்டார். முழு நாடும் அவரைக் கிறிஷா என்றே கூப்பிட்டது. சின்னப் பிள்ளைகளும்.

ரயிசாவின் தியேட்டருக்கு ஒருமுறை வந்தாராம். வெளிச்சம் அணைந்த பிறகு, ரிக்கற் எடுத்து, பின்வரிசையில் இருக்க. ரயிசா ரோர்ச் அடித்து இடம் காட்டினார். யாரென்று கண்டதும் ரோர்ச்சை அந்த முகத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கிறிஷா உதட்டில் விரல் வைத்தார். படம் முடியுமுன் எழுந்து போய்விட்டார்.

"ஏன் வந்தவர்?" என்று புஷ்பம் கேட்டாள்.

அன்று ஓடிய படத்தில் அவருக்குப் பகிடி இல்லை. அவரே கெஞ்சி வாங்கிய வேடம். யுத்தத்தில் மகனை இழந்த தகப்பன். மகனின் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கத் தபால் கந்தோருக்குப் போகிறார். கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அவ்வளவுதான். தியேட்டர் முழுவதும் சிரித்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். இன்னும் சிரித்தது. கடிதம் இல்லை என்றார்கள். அதற்கும் சிரித்தது. இரண்டு கிழமையில் படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் அப்படி ஒரு வேடம் கேட்கவில்லை.

புஷ்பம் மடியில் கிடந்த உடுப்பை மடித்தாள். மடித்ததை விரித்துத் திரும்ப மடித்தாள்.

ரயிசா ஒரு பழைய சஞ்சிகை எடுத்து வந்தார். கிறிஷாவின் மனைவியிடம் கேட்ட கேள்வி அதில் இருந்தது. வீட்டில் அவர் எப்படி, எப்போதும் சிரிப்புத்தானே? மனைவி சொன்ன பதிலை ரயிசா விரல் வைத்து வாசிக்க, கலா சொன்னாள்:

"வீட்டில அவர் கதைக்க மாட்டாராம். உப்பு எங்க எண்டு மட்டும் கேப்பாராம்."

எனக்கு ஒரு கிழமை நல்ல சந்தோசம். பக்டரியில் வாளி அடுக்கும்போதும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பெரிய கிறிஷாவும் வீட்டில் நான்தான். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது புஷ்பத்திடம் அதைச் சொன்னேன்.

"உன்ர கிறிஷாவின்ர மனிசியும் உன்னை மாதிரித்தான் இருந்திருக்கிறா."

அவள் கறியை என் தட்டத்தில் போட்டாள்.

"அவவுக்குக் காசு குடுத்தெண்டாலும் தியேட்டரில போய்ப் பாக்கலாம்," என்றாள்.

சந்தோசம் அதோடு முடிந்தது.

7

1988 தை மாதம் ரஷ்யப் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு அவர் படம் வந்தது. ரயிசா எங்கள் வீட்டு வாசலில் பத்திரிகையோடு நின்றார். புஷ்பம் அவரை உள்ளே கூட்டிவந்து இருத்தினாள். போகும்போது புஷ்பம் பத்திரிகையில் ஒரு இடத்தைத் தொட்டுக் கேட்டாள். ரயிசா விரலால் கலண்டரில் காட்டினார்.

எனக்கு என்ன தோன்றியது? மனதில் உள்ளதை எழுதுகிறேன். இனிப் புதுப் படம் வராது என்று தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை நாலரைக்கு வந்தேன். வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். அன்று நடை முழுக்கக் கணவாய் மணம். கதவைத் திறந்தேன். மேசையில் இரண்டு தட்டம். ஒன்றுக்கு முன்னால் கிறிஷாவின் படம், சஞ்சிகையில் வெட்டியது. அதில் உருளைக்கிழங்கு, ரயிசா கொடுத்த உப்பு மீன், சோறு. மற்றதில் சோறு, பருப்பு, கணவாய்க் கறி. அதற்கு முன்னால் படம் ஒன்றுமில்லை. ஒரு விளக்கு எரிந்தது.

அன்று அவர் இறந்து முப்பத்தோராம் நாள், எங்கள் முறையில் படையல் வைக்கிற நாள். ரஷ்யாக்காரனுக்கு முப்பத்தொன்று படைக்கிறாள். சொந்தத் தம்பிக்குச் செய்யாதவள்.

எனக்குப் பசி. கணவாய் எனக்கும் விருப்பம். கை கழுவி, இரண்டாவது தட்டத்தின் முன்னால் போய் இருந்தேன். அது எனக்கு வைத்தது என்று நினைத்தேன். கையும் வைத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ! அதில கை வைக்காதேங்கோ!"

"ஏன்? ஆருக்கு?"

அவள் குசினி வாசலில் நின்றாள். கையில் அகப்பை.

"தம்பிக்கு."

நான் கையை எடுத்தேன்.

"உந்த மனிசன் செத்த திகதி எண்டாலும் தெரியுது," என்றாள். "அதோட சேத்துத் தம்பிக்கும் வைச்சிட்டன். தனிய வைக்க எனக்கு நாள் இல்லை."

நாலரை வருடம் அவள் அழவில்லை. அன்று அழுதாள். அகப்பையை வாங்கி வைத்தேன். பக்கத்தில் நின்றேன். ஒரு பிடி சோற்றைப் பல்கனியில் வைத்தோம். இங்கே காகம் குறைவு. ஒரு கடற்பறவை வந்து தின்றது. பறவைகளுக்கு உணவு வைக்கக்கூடாது என்று அடுத்த செவ்வாய் கட்டட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கலா வாசித்துச் சொன்னாள். நான் அதை மடித்து, படையலுக்கு வைத்த படத்தோடு வைத்தேன்.

அன்று மகேந்திரன்மேல் எனக்கிருந்த பொறாமை போனது. கிறிஷாமேல் இருந்தது போகவில்லை. அவளை அழவைக்கவும் அவர்தான் வர வேண்டியிருந்தது.

8

அவர்கள் முறையில் நாற்பதாம் நாள் முக்கியம். அதற்குத்தான் ரயிசா எங்களை அழைத்தார்.

எல்லாரும் எழுந்தோம். ரயிசா வொட்கா ஊற்றினார். பிள்ளைக்கும் புஷ்பத்துக்கும் தோடம்பழச் சாறு. ரயிசா படத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லாரும் கிளாசை உயர்த்தினார்கள்.

எங்கள் பக்டரி போர்மன் போலந்துக்காரர். முதல் வருட டிசம்பர் நத்தார் விருந்தில் நான் கிளாசைத் தூக்கிப் பேசாமல் குடித்துவிட்டேன். அவர் எல்லாருக்கும் முன்னால் ஏசினார். கிளாசோடு கிளாஸ் முட்டாமல் குடிப்பது மரியாதை இல்லை. ஒருவரையும் விடக்கூடாது. கண்ணைப் பார்த்து முட்ட வேண்டும். அதிலிருந்து அப்படியே செய்து வருகிறேன்.

ரயிசாவிடம் போனேன். கண்ணைப் பார்த்தேன். முட்டினேன். போரியாவோடு முட்டினேன். பல் வைத்தியர் அம்மா கிளாசைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். எட்டி முட்டினேன். மூத்த கிழவர். இளைய கிழவர். ஒருவரையும் விடக்கூடாது. மேசைக்குப் போனேன். படத்தில் கிறிஷாவின் கண்ணைப் பார்த்தேன். அவருடைய கிளாசிலும் முட்டினேன். பாண் கவிழ்ந்து வொட்காவுக்குள் விழுந்தது.

எல்லாருடைய கிளாசும் பாதிவழியில் நின்றது.

போரியா என் காதோடு சொன்னார். "செத்தவருக்குக் குடிக்கும்போது முட்டுவதில்லை."

நான் அப்படியே நின்றேன். முதுகை நிமிர்த்தி. வேறு மாதிரி நிற்க எனக்குத் தெரியாது. பிறகு தலையை ஒருமுறை ஆட்டினேன்.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம். சுவெற்றர் கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. புஷ்பம். கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். கலா, "அம்மா! ஸ்ரொப்!" என்று சொல்லிச் சொல்லித் தானும் சிரித்தாள். இளைய கிழவர் தொடங்கினார். மூத்தவர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். ரயிசா பாணை எடுத்து, உதறி, திரும்பக் கிளாசின்மேல் வைத்தார். சிரிக்காமல் ஏதோ சொன்னார்.

"அப்பா, அன்ரி சொல்லுறா, இதைச் செய்யக் கிறிஷாவுக்கு ஒரு மாதம் பிராக்டிஸ் வேணுமாம்."

பிறகு படம் போட்டார்கள். அலுமாரிப் படம். முதல் தடவையாக நானும் இருந்து முழுதும் பார்த்தேன். நல்ல நடிகர். அதை மறைக்க முடியாது.

வீட்டுக்கு வரும்போது நடையில் புஷ்பம் நின்றாள்.

"படத்துக்கும் கண்ணைப் பாத்து முட்டிப்போட்டியள்," என்றாள். கதவில் சாய்ந்து சிரித்தாள். திறப்பைப் பூட்டில் போட முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன்.

ஆறு மணிக்குச் சாப்பிட இருந்தோம். எதிரே இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். அவளுக்குப் புரைக்கேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ." மறுபடி சிரித்தாள்.

சாப்பிட்டேன்.

அன்று புஷ்பம் சிரித்தது ஏழு தரம். கிறிஷாவுக்கு நாலு. எனக்கு மூன்று.